கிராதிக்குள் தண்ணீர், இடைவெளியில் காற்று

அடுப்பில் விறகைத் தாங்கும் குழாய்த் தட்டு, அதாவது உள்ளே நீர் ஓடும் கிராதி, செய்து தரச் சொல்லி என் பட்டறைக்கு வருகிற நெல் ஆலைக்காரர்கள் முதலில் கேட்பது, "இதிலிருந்து எவ்வளவு சுடுதண்ணீர் வரும்?" என்பதுதான். கேள்வியே பிழை என்று சொல்லிவிடுவேன். சுடுதண்ணீர் வரும், நெல் ஊறவைக்கும் தொட்டிக்கு அது உதவவும் செய்யும். ஆனால் அது உபரி. கிராதியின் வேலை விறகைத் தாங்குவதும், கீழிருந்து வரும் காற்றை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பங்கிடுவதும்தான். உள்ளே தண்ணீர் ஓடினால் இரும்பு வளையாது. இரும்பு வளையாவிட்டால் இடைவெளி மாறாது, காற்றும் மாறாது. ஆகவே காற்றுவழியை முதலில் வரையுங்கள். குழாய் பிறகு.

வார்ப்பிரும்புக் கம்பி எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். நல்ல தணல் 1000 பாகை செல்சியசைத் தாண்டும். கீழே சாம்பல் நிறைந்து காற்று குறைந்ததும் கம்பி சிவக்கிறது. அந்தச் சூட்டில் வார்ப்பிரும்பு நாளடைவில் பருத்து, நடுவில் தொய்ந்துவிடும். ஓரிடத்தில் விரல் நுழையும், பக்கத்தில் நகமும் நுழையாது. காற்று அகன்ற இடத்தால் பாய்ந்து அங்கே மட்டும் தணலைக் கொதிக்க வைக்கும், மற்ற இடம் புகையும். தேங்காய்ச் சிரட்டையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) எரிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. சிரட்டைச் சாம்பலில் பொற்றாசியம் அதிகம், அது சாம்பலைக் குறைந்த சூட்டிலேயே உருகவைக்கும். உருகிய சாம்பல் சிவந்த கம்பியில் ஒட்டிக் கட்டியாகிவிடும். தண்ணீர் ஓடும் குழாயில் பட்டால் அது உடனே உறைந்துவிடுகிறது, கோலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.

காற்றின் கணக்கு

மணிக்கு 25 கிலோ விறகு எரிக்கும் சிறிய புழுங்கல் அடுப்பை எடுத்துக்கொள்வோம். விறகில் ஈரம் 20 வீதம் இருக்கட்டும். அந்த விறகு ஒரு கிலோ முழுதாக எரிய ஏறத்தாழ 4.8 கிலோ காற்று வேண்டும், நம் ஊர்ச் சூட்டில் அது 4 கன மீற்றருக்குச் சற்று மேல். கணக்குக்குச் சரியாக மட்டும் காற்றுக் கொடுத்தால் எந்த விறகடுப்பும் ஒழுங்காக எரியாது. 60 வீதம் கூட்டிக் கொடுங்கள். ஒரு கிலோவுக்கு 6.5 கன மீற்றர், மணிக்கு 160 கன மீற்றரை ஒட்டி வரும். இதில் பாதியைக் கிராதிக்குக் கீழே விடுவது, மறுபாதியைத் தீயின் மேலே விடுவது என் வழக்கம். முழுவதையும் கீழாலேயே விடுகிறவர்களின் அடுப்பில் சாம்பல் உருகும், புகைக்கூட்டில் கரும்புகை வரும். விறகின் பெரும்பகுதி வாயுவாக மாறி மேலேதான் எரிகிறது, அதற்கான காற்றும் மேலேதான் வேண்டும்.

புகைக்கூடு தானாகக் காற்றை இழுக்கும் இயற்கை இழுவையில் ஒரு சதுர மீற்றர் கிராதியில் மணிக்கு 100 முதல் 150 கிலோ விறகு எரிக்கலாம். நம்முடைய 25 கிலோவுக்கு 40 சென்ரிமீற்றர் அகலம், 60 நீளம் போதும். பெரிதாக வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். தணல் மூடாத வெற்றிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு காற்று வேலை செய்யாமல் ஓடிவிடும்.

இழுவை எவ்வளவு? 8 மீற்றர்ப் புகைக்கூடு, உள்ளே 200 பாகைப் புகை, வெளியே 30 பாகை என்றால் கிடைப்பது 33 பஸ்கால், அதாவது 3.3 மில்லிமீற்றர் நீர் உயரம். அவ்வளவுதான் உங்கள் முழுச் சொத்து. காற்றுக் கதவு, தணல், புகை செல்லும் வழி எல்லாம் இதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். சித்திரை, வைகாசி மதிய வெயிலில் இது இன்னும் குறையும். மதியத்துக்குப் பிறகு அடுப்பு மந்தமாகிறது என்று சொல்பவர்கள் விறகைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

கீழ்க்காற்றின் வாயிலில் வேகம் விநாடிக்கு 2 மீற்றரைத் தாண்டாமல் இருக்க 115 சதுர சென்ரிமீற்றர் திறப்பு வேண்டும். அதை ஒரே கதவாக வைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். சாம்பல் குழியின் நடுவே ஒரு தகட்டை நிறுத்தி, முன்பாதிக்கு ஒரு கதவு, பின்பாதிக்கு ஒரு கதவு. இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே பகுதி இதுதான். தணல் எங்கும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. மெல்லிய இடத்தில் காற்று இலகுவாக ஏறும், ஏறினால் அந்த இடம் விரைவாக எரிந்து இன்னும் மெலியும். ஒற்றை அறையில் இதை நிறுத்த முடியாது. இரண்டு அறை இருந்தால் மெலிந்த பக்கத்துக் கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டால் போதும்.

குழியின் ஆழம் குழாய்களின் தாழ்ந்த முனையின் அடியிலிருந்து 20 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. சாம்பல் அள்ளும் கதவுக்குக் கயிற்று அடைப்பு வையுங்கள். அது கசிந்தால் காற்றுக் கதவுகள் வெறும் அலங்காரம்.

குழாயும் சரிவும்

ஒன்றேகால் அங்குலத் தடித்த சுவர்க் குழாய், தையல் இல்லாதது, வெளிவிட்டம் 42 மில்லிமீற்றர். 40 சென்ரிமீற்றர் அகலத்தில் ஏழு குழாய் வைத்தால் இடைவெளி ஒவ்வொன்றும் 13 மில்லிமீற்றர் வரும். மொத்தத் திறப்பு கிராதியின் பரப்பில் 26 வீதம். விறகுக்கும் சிரட்டைக்கும் இது நல்ல அளவு. உமி எரிப்பவர்களுக்கு இந்தக் கிராதி பொருந்தாது, அவர்களுக்குப் படிக்கட்டுக் கிராதிதான் சரி.

உருண்டைக் குழாயில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று. இரண்டு குழாய்களுக்கு நடுவே இடைவெளி மேலே அகன்று, நடுவில் ஒடுங்கி, கீழே மறுபடி அகல்கிறது. கீழிருந்து வரும் காற்று முனை எதிலும் முட்டாமல் வழுக்கி ஏறும். ஒடுக்கத்தைத் தாண்டிய சாம்பல் கட்டி மறுபடி சிக்காமல் விழும். சதுரக் குழாயில் இந்த இரண்டும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று சதுரக் குழாய் வாங்க வேண்டாம், அதன் தட்டைச் சுவர் அமுக்கத்தையும் தாங்காது. நாகப்பூச்சுக் குழாயும் வேண்டாம். ஒட்டும்போது வரும் புகை நுரையீரலுக்குக் கேடு, நாகம் 420 பாகையிலேயே உருகியும் விடும்.

சுவரோரத்து இடைவெளியைக் கவனியுங்கள். அங்கே 6 மில்லிமீற்றருக்கு மேல் விட்டால் காற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறிவிடும். தீச்செங்கல்லை அரைத்தாவது நெருக்குங்கள். அப்போது உள்ளிடைவெளிகள் சற்றே கூடும், பரவாயில்லை.

குழாய்களைக் கிடையாகப் போடாதீர்கள். சூடு மேலிருந்து வருகிறது, ஆவிக்குமிழியும் குழாயின் உள்மேல்பக்கத்தில்தான் ஒட்டும். இரும்புக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் இடத்தில் ஆவி உட்கார்ந்துகொள்ளும். 10 பாகை சரிவு குறைந்தபட்சம், 15 கொடுத்தால் நிம்மதி. 60 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 15 பாகை என்றால் ஏற்றம் 16 சென்ரிமீற்றர். உயர்ந்த முனை விறகு போடும் வாசல் பக்கம் இருக்கட்டும். விறகு தானாகப் பின்னுக்குச் சரியும், பின்பக்கத் தணல் தடிக்கும். அதனால்தான் பின்பாதிக்குத் தனிக் காற்றுக் கதவு.

இரண்டு முனையிலும், ஏழு குழாய்களையும் இணைக்கும் மூன்று அங்குலத் தலைக்குழாய். இரண்டும் தீயறைக்கு வெளியே, செங்கல்லுக்குப் பின்னால். ஒவ்வொரு கிராதிக் குழாய்க்கும் நேர் எதிரே தலைக்குழாயில் திருகு மூடி ஒன்று வையுங்கள். ஏழு மூடிக்குச் செலவு என்று முணுமுணுப்பார்கள். மூடியைக் கழற்றி ரோர்ச் அடித்துக் குழாயின் அடுத்த முனை வரை பார்க்கலாம், கம்பி விட்டுச் சுரண்டலாம். மூடி இல்லாத கிராதிக்குள் என்ன நடக்கிறது என்பது வெடித்த பிறகுதான் தெரியும்.

ஒரு தலைக்குழாயை இறுக்கிக் கட்டுங்கள், மற்றதை நகர விடுங்கள். 70 பாகை சூடேறினால் 60 சென்ரிமீற்றர்க் குழாய் அரை மில்லிமீற்றர் நீளும். சிறிய அளவுதான், ஆனால் சீமெந்தில் புதைத்தால் ஒட்டு வெடிக்கும்.

தண்ணீர்: இங்கேதான் யாழ்ப்பாணம் வருகிறது

நம் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் கிராதிக்குள்ளும் படியும். அந்தப் படிவு உருக்கைப் போலச் சூட்டைக் கடத்தாது, முப்பதில் ஒரு பங்குதான் கடத்தும். ஒரு சதுர மீற்றருக்கு 50 கிலோவாற்று வெப்பம் ஏறும் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் படிவு இரும்பின் சூட்டை 30 பாகைக்கு மேல் கூட்டும். தணல் நேராகத் தொடும் இடத்தில் வெப்பம் அதைவிடப் பல மடங்கு. மூன்று மில்லிமீற்றர் படிந்தால் உள்ளே தண்ணீர் இருந்தும் குழாய் வெந்துபோகும்.

ஆகவே கிணற்றுத் தண்ணீரை நேராக விடாதீர்கள். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடட்டும். நெல் ஊறும் தொட்டிக்குள் ஒரு சுருள் குழாய் போட்டு, சூட்டை மட்டும் கொடுங்கள். சுற்றுக்கு ஊற்ற மழைத்தண்ணீர் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். முதல் மழையை ஓட விட்டுவிடுங்கள், கூரைத் தூசியும் கடலோரமானால் உப்பும் அதில்தான் இருக்கும். மழைத்தண்ணீர் சற்று அமிலத் தன்மையுள்ளது. சோதனைத் தாளில் பிஎச் 9 காட்டும் வரை எரிசோடா மிகச் சிறிதளவாகக் கரைத்து விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

நீர்ப்பம்பியா, இயற்கைச் சுற்றா என்று கேட்டால் எனக்குப் பதில் ஒன்றுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். மின்சாரம் போனாலும் தணல் அணைவதில்லை. ஆகவே தண்ணீர்த் தாங்கியை மேலே வைத்துச் சூட்டாலேயே சுற்ற விடுங்கள். போகும் தண்ணீர் 80 பாகை, திரும்புவது 70 பாகை, உயரம் ஒன்றரை மீற்றர் என்றால் தள்ளும் அமுக்கம் ஏறத்தாழ 90 பஸ்கால்தான், ஒன்பது மில்லிமீற்றர் நீர் உயரம். ஆகவே இரண்டு அங்குலக் குழாய், குறைந்த வளைவு, தலைக்குழாயின் உச்சியிலிருந்து தாங்கி வரை ஓரிடத்திலும் இறங்காத ஏற்றம். இந்தக் கிராதி எடுக்கக்கூடிய வெப்பத்தை மேல்மட்டமாக 12 கிலோவாற்று என்று வைத்து, நிமிடத்துக்கு 17 லீற்றர் ஓட்டத்துக்குக் குழாய் போடுகிறேன். அவ்வளவு ஓட்டத்தில் சூடு 10 பாகைதான் ஏறும்.

தாங்கியின் மேல் திறந்த மூச்சுக்குழாய் கட்டாயம். கிராதிக்கும் தாங்கிக்கும் நடுவே வால்வு எதுவும் வேண்டாம், பழுதுபார்க்க வசதி என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1,600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும். தாங்கியை அடைத்து அமுக்கத்தில் நீராவி எடுக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு இல்லை. அது கொதிகலன், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி பரிசோதனைக்கு உட்பட்டது.

திரும்பும் தண்ணீர் 60 பாகைக்குக் கீழே நெடுநேரம் இருக்கவும் விடாதீர்கள். குளிர்ந்த குழாயில் புகையின் ஈரம் தாராக ஒட்டும், தணலும் செத்துப்போகும். தணல் எப்போதும் 15 சென்ரிமீற்றராவது தடிப்பாக இருக்கட்டும், குழாயின் மேல் மெல்லிய சாம்பல் படுக்கை ஒன்றை விட்டுவையுங்கள்.

மேல்காற்று

தணலுக்கு மேலே, இரு பக்கச் சுவரிலும் எதிரெதிராக 16 மில்லிமீற்றர்த் துளைகள், மொத்தம் 45 அளவில். தீயறையில் 10 பஸ்கால் இழுவை இருந்தால் நமக்கு வேண்டிய மறுபாதிக் காற்று இவற்றால் வரும். துளைகளுக்கு வெளியே ஒரு பெட்டி, அதற்கு ஒரு சறுக்குக் கதவு. புகைக்கூட்டைப் பார்த்துக்கொண்டே திறந்து சாத்திப் பழகலாம்.

தீ மூட்டும் முன்

தண்ணீர் நிரப்பி, காற்று முழுவதையும் வெளியேற்றி, கைப்பம்பியால் 3 பார் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். கொம்பிரசர்க் காற்றால் சோதிக்க வேண்டாம், ஒட்டு விட்டால் இரும்பு பறக்கும்.

இழுவையை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒளிபுகும் குழாயில் சாயத்தண்ணீர் விட்டு, ஒரு பலகையில் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் கட்டுங்கள். 3.3 மில்லிமீற்றர் அங்கே 33 ஆகத் தெரியும். ஒரு முனையைத் தீயறையிலும் பிறகு சாம்பல் குழியிலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தணல் தின்னும் இழுவை. அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் கூடினால் இடைவெளியில் கட்டி அடைத்திருக்கிறது.

எப்போதாவது தாங்கி வற்றி, கிராதி வெறும் குழாயாகச் சூடேறிவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரண்டு காற்றுக் கதவையும் சாத்தி, தணலின் மேல் மணல் கொட்டி, ஆட்களை விலக்கிவிட்டு, இரும்பு கை வைக்கும் அளவுக்கு ஆறும் வரை காத்திருங்கள். பிறகு ஏழு மூடியையும் கழற்றிப் பார்த்துவிட்டு, 3 பார் சோதனையை மறுபடி செய்யுங்கள்.