பழைய மிலிட்டரி மெடல் வாங்கும் முன்

காட்பாடியில் போட்டோவுக்கு பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். கம்மவான்பேட்டைப் பக்கமிருந்து யாராவது துணிப்பையோடு படியேறினால், உள்ளே தாத்தாவின் மெடல் இருக்கும் என்று புரிந்துவிடும். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் லாங்பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் படித்தால், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனது தெரியும். அசல் இவ்வளவு புழங்கும் இடத்தில் போலியும் சேர்ந்தே வரும்.

மெடலைக் கையில் வாங்கியதும் ராஜா தலையைப் பார்க்காதீர்கள். அதை யாரும் அச்செடுத்து வார்த்துவிடலாம். விளிம்பைத் திருப்புங்கள். முதல் போருக்குக் கொடுத்த வெள்ளி மெடல் சுமார் 36 மி.மீ. குறுக்களவு இருக்கும். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் அச்சுக் குத்தியிருக்கும். லென்ஸில் பார்த்தால் குத்திய எழுத்து ஒரே ஆழத்தில் இருக்கும். பின்னால் உளியால் வெட்டியது முனையில் வழுக்கி ஓடியிருக்கும்.

பெரிய மோசடி இங்கேதான். சாதாரண ஆளின் பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலைபோகும் பெயரை ஏற்றுவார்கள். மெடல் அசல், பெயர் பொய். ராவினால் உலோகம் குறையும். அதனால் வெர்னியர் என்ற அளவுக் கருவியை வைத்து நாலைந்து கோணத்தில் அளந்து பாருங்கள். பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் அளவு குறைந்தால் மெடலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழு வட்டமுமே கொஞ்சம் சிறுத்து, ராஜாவின் தலைமுடிக் கோடுகள் மழுங்கி, ஊசி குத்தியதுபோல் துளைகளும் தெரிந்தால் அது வார்ப்பு. காந்தத்தை நம்பாதீர்கள், வெள்ளியும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது.

அதே மெடல் வெண்கலத்தில் வந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுமை தூக்கிய லேபர் கோர் ஆட்களுக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். வெள்ளியைவிட அபூர்வம். விளிம்பில் ‘83 வாலாஜாபாத்’ என்று படைப்பிரிவின் பெயர் இருந்தால் நம் வாலாஜாபேட்டை என்று எங்கள் பக்கத்து ஆட்கள் சொந்தம் கொண்டாடுவார்கள். அது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து வாலாஜாபாத்.

ரிப்பன் விஷயத்தில் என் தொழில் கைகொடுக்கும். நோட்டு பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டுங்கள். பளிச்சென்று மின்னினால் பிற்காலத்து நூலாக இருக்கலாம். பழைய ரிப்பனை சோப்புத்தூளில் துவைத்தாலும் மின்னும். ஆகவே விளக்கு மட்டும் போதாது. புது ரிப்பன் குற்றமும் இல்லை, நைந்தால் சிப்பாய்களே மாற்றிக்கொள்வார்கள். டீத்தண்ணீரில் முக்கி வயசாக்கியதுதான் குற்றம். மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். அசலில் வெளிப்பக்கம் வெளுத்து, வெயில் படாத உள்மடிப்பு நிறத்தோடு இருக்கும். டீயில் முக்கிய ரிப்பன் எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும்.

ஒரே ஆள் சட்டையில் வரிசையாகக் குத்திய மெடல்கள் என்றால் கணக்குப் போடுங்கள். 25வது சுதந்திர ஆண்டு மெடல் 1972இல் பணியில் இருந்தவர்களுக்கு உரியது. 1968இல் ஓய்வு பெற்றவர் வரிசையில் அது எப்படி வந்தது? 30 ஆண்டு நீண்ட சேவை மெடலில் சிப்பாய் என்று பதவி இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். சிப்பாய் அதற்கு வெகு முன்பே ஓய்வு பெற்றுவிடுவார். பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

இரண்டாம் போரின் பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திர வடிவ மெடல்கள் பெயரில்லாமலும் வரும், நகலெடுப்பதும் சுலபம். உலோகத்துக்கு உண்டான விலை கொடுங்கள், கதைக்குக் கொடுக்காதீர்கள்.

பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் இந்திய அரசிதழில் பெயரைத் தேடுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருது இணையதளத்திலும் பெயர் போட்டுப் பார்க்கலாம். யூனிபார்ம் கடையில் விற்கும் நகலும் உண்டு. தொலைத்தவர்கள் அணிந்துகொள்ள வாங்குவது அது, அதில் தப்பில்லை. அசல் என்று விற்றால்தான் தப்பு.

வாங்கியபின் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் தேயும். பிரேம் போடும்போது பசை வேண்டாம். நான் நூலால் தைத்துவிடுவேன், எப்போது வேண்டுமானாலும் கழற்றி விளிம்பைக் காட்டலாம். அப்புறம், நூறு வயது தாண்டிய மெடலை வெளிநாட்டு ஆளுக்கு கூரியரில் அனுப்ப நினைத்தால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.