படத்துக்குள் எழுதிய பெயர்கள் எங்கே போயின?

தமிழ்நாட்டுக் கூடலூரில் இருக்கும் அத்தை மகன் வட்ஸ்அப்பில் ஒரு பழைய படம் அனுப்பினார். இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முன், ஹட்டன் ஸ்டூடியோ ஒன்றில் குடும்பமாக நின்று எடுத்தது. யார் யார், எந்தத் தோட்டம் என்றெல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் திறந்து பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. டிஜிட்டல் படக் கோப்பில் படத்தோடு சேர்ந்து தகவல்களும் தங்குகின்றன. கமரா தானாக எழுதும் நேரம், கமராவின் வகை, இடம் ஆகியவை எக்ஸிஃப் பகுதியில் இருக்கும். நாம் எழுதும் தலைப்பு, பெயர், விளக்கம் பெரும்பாலும் ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற பகுதிகளில் இருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கி இந்தத் தகவல்களையும் உதறிவிடுகிறது. அதே கோப்பை 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்பினால் எதுவும் கழலாது. வட்ஸ்அப் தரும் கோப்புப் பெயரில் உள்ள தேதியையும் நம்ப வேண்டாம். படம் எடுத்த நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஸ்கிரீன்ஷொட்' எடுத்து வைப்பது இன்னும் மோசம். அது வேறொரு புதுப் படம்.

நானே செய்த தவறு ஒன்று. அப்பாயியின் கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு சுவரில் வைத்தபடியே கைப்பேசியில் எடுத்தேன். கைப்பேசி தன் கடமையைச் செய்தது: கல்யாணம் போன வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் நடந்ததாகப் பதிந்துவிட்டது. பழைய படத்தை இப்படிப் பிரதியெடுத்தால் இடத்தை நீக்கி, எடுத்த தேதியை மாற்றியே ஆக வேண்டும். மூலப்படம் எடுத்த நாளுக்கும் டிஜிட்டலாக்கிய நாளுக்கும் எக்ஸிஃபில் தனித்தனி இடங்கள் உண்டு.

மாற்றும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது. ஆண்டு மட்டும் தெரியும் என்றால், மென்பொருள் நாளும் மாதமும் கேட்டு நச்சரிக்கும். நாமும் '1972 ஜனவரி 1' என்று போட்டுவிடுவோம். நாளை யாரோ ஒருவர் அதைப் பார்த்து, பொங்கலுக்கு முன்பே புறப்பட்டுவிட்டார்கள் என்று குடும்ப வரலாறு எழுதுவார். எக்ஸ்எம்பியில் ஆண்டை மட்டும் எழுத வழியிருக்கிறது. முடியாவிட்டால் விளக்கத்தில் '1972ஆக இருக்கலாம்' என்று எழுதுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தொல்லை எழுத்துருதான். ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் தரும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கை, படக் குறிப்பையும் பாமினியில் தட்டிவிடுகிறது. தகவல் பகுதிக்குள் எழுத்துரு போகாது. தட்டிய விசைகள்தான் போகும். 'அம்மா' என்று எழுதியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் தரும் யுனிகோடில்தான் எழுத வேண்டும். அதிலும் எங்கே எழுதுகிறோம் என்பது முக்கியம். எக்ஸிஃப் தரம் தன் சாதாரண எழுத்துப் பகுதிகளில் யுனிகோடை ஏற்றது 2023இல் வந்த 3.0 பதிப்பில்தான். பழைய ஐபிடிசியிலோ ஊர்ப் பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் எழுத்து, புள்ளி, கால், கொம்பு என்று ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். 'பொகவந்தலாவை' என்பதில் 11 குறிகள், ஆக 33 பைட். ஒரே ஒரு பைட் மிஞ்சியதால் ஐகாரம் அறுபட்டு, வாலில் ஒரு கேள்விக்குறிச் சதுரம் தொங்கும். (ஐகாரம் இல்லாமலும் அந்த ஊரை எழுதுகிறவர்கள் உண்டு, அவர்கள் தப்பித்தார்கள்.) எக்ஸ்எம்பியில் இந்தச் சிக்கல் இல்லை. டிஜிகேம், எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டும் அதில் எழுதும்.

நேரத்தைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு சொல். 2004இல் இங்கே இலங்கையில் நடந்த கல்யாணத்துக்கு இந்திய உறவினர் கமராவோடு வந்திருந்தால், அவர் படங்களுக்கும் நம் படங்களுக்கும் அரை மணி நேரம் வித்தியாசம் இருக்கலாம். இரண்டும் சரிதான். 1996 ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி முந்தியிருந்தது.

கூகுள் போட்டோஸில் எழுதிய விளக்கம் கோப்புக்குள் போவதில்லை. மொத்தமாகத் தரவிறக்கும்போது அது பக்கத்தில் தனிக் கோப்பாக வரும். அதை வேண்டாதது என்று அழிக்கிறவர்கள் ஏராளம்.

என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். 'பெரிய மாமா' என்றால் யாருக்கு மாமா? தகப்பன் பெயரோடு முழுப்பெயர் எழுதுங்கள். தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், நம் வாயில் வேறொரு பெயர் என்றால் இரண்டையும், தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் பகிரும்போது மட்டும் இடத்தை நீக்குங்கள். அதையும் பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் கைவைக்க வேண்டாம்.

அத்தை மகன் அந்தப் படத்தை மறுபடி ஆவணமாக அனுப்பினார். ஆறு பேரில் ஐந்து பெயர்கள் வந்தன. 'இடமிருந்து மூன்றாவது: தெரியவில்லை' என்றிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். "இது அடுத்த லயத்து அக்கா. படம் பிடிக்க ஆசைப்பட்டுக் கூடவே வந்து நின்றது" என்று பெயரையும் சொன்னார். எழுதிச் சேமித்து, ஆவணமாகவே கூடலூருக்குத் திருப்பி அனுப்பினேன்.