இருமல் விடாத கைப்பிள்ளையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு

விசா வந்து, டிக்கெட் போட்டு, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை எல்லாம் கட்டி முடிந்திருக்கும். பிள்ளைக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. ஸ்பொன்சரில் கனடா வருகிற இளம் குடும்பங்களில் பல பேர் இந்த நிலையில்தான் எனக்குப் போன் எடுக்கிறார்கள். லேண்டிங் பேப்பர் விசயமெல்லாம் உங்கள் ஏஜென்ட் சொல்லியிருப்பார், அதை விடுகிறேன்.

முதலில், போகலாமா என்பது. தடிமன் விட்ட பிறகும் இருமல் இரண்டு மூன்று கிழமை இழுபடுவது வழமைதான். காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறது, விளையாடுகிறது என்றால் டொக்டர்மார் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். ஆனாலும் பிள்ளை அமைதியாகக் கிடக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் 12 மாதம் வரையான பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி குழிவிழுந்தாலோ, மூச்சில் முட்டுச் சத்தம் (இழுப்பு) கேட்டாலோ டிக்கெட்டை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயரத்துக்குரியது. நுவரெலியாவே 6000 அடிக்குக் கொஞ்சம்தான் மேலே. மேடு என்றால் என்னவென்று தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளையை அந்த உயரத்தில் மணித்தியாலக் கணக்காக வைத்திருக்கப் போகிறீர்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, நெஞ்சு வருத்தமுள்ள பிள்ளை என்றால் டொக்டரைக் கேட்காமல் நாளே குறிக்க வேண்டாம்.

இனி, பிள்ளை விமானத்தில் போகலாம் என்று டொக்டர் எழுதித் தருகிற கடிதத்தின் கதை. என் மச்சாள் வெறுங்கையோடு போகவில்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல குழந்தை வைத்தியரிடம் காட்டி, போகலாம் என்று துண்டும் வாங்கித்தான் வேனில் ஏறினாள். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, விடியச் சாமத்தில் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், கவுண்டருக்கு முன்னால் நின்று பையன் இருமினான் பாருங்கள், சொல்லி வைத்த மாதிரி. எவ்வளவு நாளாக இருமல் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் வெள்ளை மனசுக்காரி, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதலே தொடங்கியது என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். மேலாளர் வந்தார், துண்டைக் கேட்டார். துண்டில் இருந்த பெயர் ‘அப்பு’. கிளினிக்கில் நம்பர் எடுக்கும்போது அப்பம்மா முந்திக்கொண்டு வீட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறார், டொக்டரும் அதையே எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னால் வர, ஒரு வரி நீளத்துக்கு வேறு பெயர். தேதியும் இல்லை. டொக்டரின் போன் ஓஃப், அந்த நேரத்தில் வேறு எப்படி இருக்கும்? யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டருக்கு அப்பால். ஏற்றவில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் அறை எடுத்து, இன்னொரு டொக்டரிடம் காட்டிப் புதுக் கடிதம் வாங்கி, டிக்கெட் வித்தியாசக் காசும் கட்டித்தான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு பெயருக்காக அந்த அலைச்சல், இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகவே கடிதத்தை யாழ்ப்பாணத்தில் வைத்தே ஒழுங்காக எடுங்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், அதில் உள்ளபடி பெயரையும் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில், முடிந்தால் டைப் செய்து, பரிசோதித்த தேதி, காய்ச்சல் இல்லை, நெஞ்சு தெளிவு, ஒட்சிசன் அளவு, தொற்று நோய் இல்லை, கடைசியில் ‘ஃபிட் டு ஃப்ளை’ என்ற சொல். டொக்டரின் சீல், மெடிக்கல் கவுன்சில் பதிவு இலக்கம். புறப்படுவதற்கு ஓரிரு நாளுக்கு முன் எடுத்தால் நல்லது, பழைய தேதியைச் சிலர் ஏற்க மாட்டார்கள். இப்படிக் கேட்க வெட்கப்படாதீர்கள், நம் டொக்டர்மார் கொஞ்சம் முறைப்பார்கள், எழுதித் தருவார்கள். கவுண்டரில் கேட்டதற்கு மட்டும் பதில், பொய் வேண்டாம், கதைப்பிரசங்கமும் வேண்டாம்.

இன்னொன்று. வரிசையில் நின்ற ஒருவர் மச்சாளுக்குச் சொன்ன புத்தி, ‘பிரிட்டோன் (Piriton) கொடுத்து நித்திரையாக்கிக் கொண்டு வந்திருக்கலாமே’. நித்திரை வரவைக்கிற அலர்ஜி மருந்து அது. மூச்சுக்குக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு நித்திரை மருந்து கொடுப்பதைவிட மோசமான யோசனை இல்லை. சில பிள்ளைகளுக்கு அது நித்திரையைக் கலைத்துத் துள்ள வைக்கும், அது வேறு.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கூட. மூக்கடைத்த பிள்ளைக்குக் காதுக்குள் காற்று சமப்படாது. தரையிறங்க அரை மணித்தியாலம் இருக்கும்போதே, நித்திரை என்றாலும் எழுப்பி, நிமிர்த்தி வைத்துப் பால் கொடுங்கள், விழுங்க விழுங்க காது திறக்கும். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை, டோகாவிலோ டுபாயிலோ மாறுவீர்கள், ஆகவே இரண்டு தடவை இது நடக்கும், ஒரு போத்தல் பால் காணாது. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்குக்கு உப்புத்தண்ணித் துளி (சேலைன் ட்ரொப்ஸ்) விடுங்கள். பிள்ளையின் பாலும் மருந்தும் 100 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தாலும் விடுவார்கள், தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். கிளினிக் கொப்பியைக் கைப்பையில் வையுங்கள், ஊசி விபரத்தை இங்கே முதல் நாளே கேட்பார்கள்.

வந்த பிறகு மருந்துக்கடையில் இருமல் பாணி தேடாதீர்கள், கனடாவில் 6 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கச் சொல்வதில்லை. அம்மம்மா வைபரில் வந்து தேன் குழைத்துக் கொடு என்பார், ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கும், இருமல் ஒரு கிழமைக்குக் கூடினாற்போல இருக்கும். ஒன்றாரியோவில் 811க்கு எடுத்தால் இரவிலும் தாதி கதைப்பார், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். பெயர் கேட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளதைச் சொல்லுங்கள்.