மாட்டு மந்தையோடு குதிரையில் ஒரு பயணம்: ஆஸ்திரேலிய உள்நாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

குதிரைமேல் அமர்ந்து மந்தை ஓட்டுவது என்றதும் பாய்ச்சலும் புழுதியும்தான் பலருக்கு நினைவில் வரும். உண்மையில் அது ஒரு மேய்ச்சல் நடை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். மாடு தின்றுகொண்டே நடக்க வேண்டும், மெலியாமல் போய்ச் சேர வேண்டும். சுற்றுலாப் பயணியாகச் சேர்ந்தாலும் உங்கள் வேலை அதுதான்.

எங்கே போவது

என் தேர்வு, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் அராமக் என்ற சிற்றூர். ஹாரி ரெட்ஃபோர்டின் பெயரில் அங்கிருந்து மந்தைப் பயணம் நடத்துகிறார்கள். 1870-இல் அந்தப் பக்கத்துப் போவன் டவுன்ஸ் பண்ணையிலிருந்து சுமார் 1,000 மாடுகளைத் திருடி, கூப்பர் ஓடை வழியே தென் ஆஸ்திரேலியாவரை ஓட்டிப்போனவர் அவர். மந்தையில் இருந்த ஒரு வெள்ளைக் காளைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. 1873-இல் ரோமா ஊரில் வழக்கு நடந்தது. அந்த வறண்ட நிலத்தை மாடுகளோடு கடந்த துணிச்சலில் மயங்கியோ என்னவோ, ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள்!

இது ஆண்டு தவறாமல் நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மழையும் புல்லும் ஒத்துழைக்க வேண்டும். இந்த ஆண்டு நடக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே விமான டிக்கெட் எடுங்கள். குதிரையில் ஏறுபவர்களுக்கு எடை வரம்பு உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். முகாம் சமையலில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா (வகை 600) வேண்டும். பயணக் காப்பீடு குதிரைச் சவாரிக்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விமானத்தில் தரும் படிவத்தில், கடந்த 30 நாட்களில் பண்ணைக்குப் போனீர்களா, கால்நடைகளோடு பழகினீர்களா என்று கேட்பார்கள். வீட்டில் பசு இருந்தால் மறைக்காமல் 'ஆம்' என்று எழுதுங்கள். நம் ஊரில் கோமாரி நோய் இருக்கிறது, அங்கே இல்லை. காலணியின் அடியில் ஒட்டிய மண்கூட அவர்களுக்கு ஆபத்துதான். ஆகவே தேய்த்துக் கழுவி எடுத்துப்போங்கள்.

பிரிஸ்பேனிலிருந்து லாங்ரீச் போகும் ரயிலில் ஏறி பார்கால்டினில் இறங்கலாம். ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அங்கிருந்து அராமக் 67 கிலோமீட்டர்.

ஊரிலேயே பத்துப் பதினைந்து முறையாவது சவாரி பழகிவிட்டுப் போங்கள். குதிகால் வைத்த, அடி வழுவழுப்பான பூட்ஸ் வேண்டும். விழ நேர்ந்தால் அங்கவடியில் (சேணத்தில் பாதம் வைக்கும் வளையத்தில்) கால் சிக்காது. அகல விளிம்புத் தொப்பி, ஈ வலை, முழுக்கைச் சட்டை, கம்பளி உடை எல்லாம் அவசியம். பகல் வெயிலை நம்பிப் போனால் இரவுக் குளிர் வாட்டிவிடும். படுக்கை பெரும்பாலும் 'ஸ்வாக்' என்னும் கித்தான் சுருள்தான்.

மந்தையோடு நடப்பது

முதலில் கண்ணில் படுவது திமில். அங்குள்ள பிராமன் இன மாடுகள், இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு 1933-இல் குயின்ஸ்லாந்துக்கு வந்தவை. அந்தத் திமிலைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைச் சந்தித்த மகிழ்ச்சி.

புதியவர்களை மந்தையின் வால்பக்கம் நிறுத்துவார்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். கிழட்டு மாடும், நொண்டியும், கன்றும் அங்கேதான் வரும்.

ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஓர் எல்லை இருக்கிறது. அதற்குள் நீங்கள் நுழைந்தால் மாடு நகரும். அது நகர்ந்த உடனே கடிவாளத்தை இழுத்து நின்றுவிடுங்கள். நீங்கள் நெருக்கிக்கொண்டே போனால் அது தின்னாது, ஓடும். ஒன்று ஓடினால் மந்தை கலையும். மாட்டின் தோள்தான் அளவுகோல். தோளுக்குப் பின்னால் நீங்கள் இருந்தால் அது முன்னே நடக்கும். தோளைத் தாண்டி முன்னே வந்தால் நிற்கும் அல்லது திரும்பும்.

ஒரு மாடு பிரிந்து ஓடுகிறதா? பின்னாலேயே துரத்தாதீர்கள். விலகி, பெரிய வளைவாகச் சுற்றிப்போய் அதன் தோளுக்கு முன்னால் வாருங்கள். தானாகவே மடங்கி மந்தைக்குத் திரும்பும். கன்று காணாமல் போனால் அனுபவசாலிகளிடம் விட்டுவிடுங்கள். கடைசியாகத் தாயிடம் பால் குடித்த இடத்துக்கே அது திரும்பிப் போகும். அந்த இடம் அவர்களுக்குத் தெரியும்.

மாலையில்

மந்தையைக் கிடை போட்ட பிறகு நேராக நெருப்பண்டை போகாதீர்கள். சேணத்தை இறக்குங்கள். குதிரையின் முதுகிலும், வயிற்றுப்பட்டை உரசிய இடத்திலும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ தட்டுப்பட்டால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மறுநாள் அந்தக் குதிரைக்கு ஓய்வு கொடுப்பார்கள். பிறகு தண்ணீர் காட்டுங்கள். இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டியும் தேநீரும் அதற்குப் பிறகுதான்.