வீட்டு மீன் தொட்டி தண்ணி தெளிவா இருக்கணும்னா இதெல்லாம் பண்ணாதீங்க

தோட்டத்துல சின்னதா சிமெண்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, கோய்னு விட்டிருக்கறவங்க தண்ணி பச்சையானா பண்ற முதல் வேலை என்னன்னா, மீனையெல்லாம் பக்கெட்ல அள்ளிப் போட்டுட்டு மொத்த தண்ணியையும் திறந்துவிட்டு, சுவத்த பிரஷ் போட்டுத் தேய்ச்சு, குழாய்த் தண்ணிய அப்படியே ரொப்பறது. கொஞ்ச நாள் பளபளன்னு இருக்கும், அப்புறம் திரும்பவும் பச்சை, கூடவே ரெண்டு மூணு மீனும் செத்து மிதக்கும். உடனே மீன் வித்த கடைக்காரரத் திட்டுவோம், பாவம் அவரு.

மீன் கழிவுலயும் மிச்ச தீனியிலயும் இருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அத நைட்ரைட்டாக்கி, அப்புறம் அவ்வளவா ஆபத்தில்லாத நைட்ரேட்டா மாத்தறது பாக்டீரியா. அதுங்க பெரும்பாலும் தண்ணியில இல்ல, ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் சுவத்து வழவழப்புலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும், புதுத் தொட்டியில செட் ஆகவே 4லேர்ந்து 6 வாரம் ஆகும். அதத்தான் நாம 'அழுக்கு'ன்னு தேய்ச்சு எடுத்துடறோம். ஸ்பாஞ்ச குழாய்க்கு அடியில காட்டி வெள்ளையாகற வரைக்கும் பிழியறதும் இதே கதைதான், கார்ப்பரேஷன் தண்ணியில இருக்கற குளோரின் பாக்டீரியாவ கொன்னுடும். தொட்டித் தண்ணியவே ஒரு பக்கெட்ல எடுத்து அதுல லேசா அலசினா போதும். தண்ணியும் வாரத்துக்கு 20 சதவீதம் மாத்தினா போதும், மாத்தற தண்ணிய முந்தின நாளே டிரம்ல பிடிச்சு காத்தாட வைங்க, அவசரம்னா மீன் கடையில ஆன்டி குளோரின் கிடைக்கும். 6 அடிக்கு 4 அடி, 2 அடி ஆழம்னா கிட்டத்தட்ட 1350 லிட்டர், அதுல வாரம் 270 லிட்டர் மாத்தறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, வாழைக்கோ தென்னைக்கோ ஊத்தினா அது வேற செழிப்பா வரும்.

சரி, பச்சை ஏன் வருது? வெயிலும் சத்தும் சேர்ந்தா கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அவ்வளவுதான். நாள் பூரா வெயில் அடிக்கற இடத்துல தொட்டி இருந்தா மேல்பரப்புல பாதிக்கு மேல இலை மூடியிருக்கணும், அல்லி வைக்கலாம், இல்ல ஷேட் நெட் கட்டலாம். ஆகாயத்தாமரையும் சத்த சரசரன்னு உறிஞ்சும், ஆனா அள்ளி எடுக்கறத கொண்டுபோய் ஏரியில மட்டும் போட்டுடாதீங்க, ஏரியே மூடிப்போகும். தீனிய ரெண்டு மூணு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவுக்குதான் போடணும். வீட்டுக்கு வர்ற விருந்தாளி ஆளுக்கு ஒரு பிடி போடறத முதல்ல நிறுத்துங்க, மீன் எப்பவுமே பசிக்குதுன்னுதான் வாயத் திறக்கும்!

கடையில 'டேங்க் கிளீனர்'னு விக்கற சக்கர் மீன வாங்கி விட்டா தண்ணி தெளிஞ்சிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது சுவத்துப் பாசியக் கொஞ்சம் சுரண்டும், மிதக்கற பாசிய ஒண்ணும் பண்ணாது, பெருசாகி அதுவே எக்கச்சக்கமா கழிவு போடும். வளந்ததும் வச்சிக்க முடியாம ஏரியில விட்டுடறாங்க, இப்ப நம்ம ஊர் நீர்நிலைகள்ல அது பெரிய தொல்லை.

மயில்துத்தம் போடறது இன்னும் மோசம். பாசி சாகும்தான், ஆனா அளவு கொஞ்சம் தப்பினா மீனும் சாகும், செத்த பாசி அழுகி தண்ணியில இருக்கற ஆக்சிஜன இழுத்துக்கும். கெமிக்கலுக்கு செலவு பண்றதுக்கு யூவி லைட் (புற ஊதாக் கதிர் விளக்கு) வாங்கலாம், மிதக்கற பாசிக்கு அது நல்லா கேக்கும், நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கற பாசிக்கு கேக்காது, அத கையாலதான் சுருட்டி எடுக்கணும். யூவி பல்பு எரிஞ்சிக்கிட்டே இருந்தாலும் ஒரு வருஷத்துல வீரியம் போயிடும், மாத்திடுங்க.

பச்சை இல்லாம பால் மாதிரி வெளுத்திருந்தா அது புதுத் தொட்டியில வர்றது, தீனியக் குறைச்சிட்டு பொறுமையா இருங்க. மண் கலர்ல இருந்தா கோய் மீன் அல்லி வச்ச சட்டி மண்ணக் கிளறுது, மேல ரெண்டு இஞ்ச் கூழாங்கல் பரப்புங்க. டீ கலர்னா வாதாம் இலை ஏதோ விழுந்து ஊறியிருக்கு, மீனுக்கு கெடுதல் இல்ல, இலைய மட்டும் எடுத்துடுங்க.

புதுசா கட்டின சிமெண்ட் தொட்டியில உடனே மீன் விடறதும் பெரிய தப்பு. சுண்ணாம்பு இறங்கி பிஹெச், அதாவது தண்ணியோட காரத்தன்மை, எக்கச்சக்கமா ஏறும், அதனால பல தடவ தண்ணி நிரப்பி நிரப்பி கொட்டணும், நம்ம ஊர்ல வாழை மரத்த துண்டு போட்டு ஊற வைப்பாங்க.

கரண்ட் மிச்சம் பண்றேன்னு ராத்திரி ஃபில்டர் மோட்டார ஆஃப் பண்றவங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும், பகல்ல ஆக்சிஜன் விடற பாசியும் செடியும் ராத்திரி அத இழுக்கும், விடியக்காலையிலதான் ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கும். மீன் மேல வந்து வாயப் பிளந்துக்கிட்டு நிக்குதுன்னா முதல்ல காத்து பம்ப போடுங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தும், மோட்டார் ஓடியும் அப்படி நின்னா அம்மோனியாவா இருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது, அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கி தொட்டித் தண்ணிய கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க.