பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கினாலும் கல்லூரி அணியில் ஓடலாம்: பொறியியல் படிக்கப்போகும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிட்டது, இன்னும் எந்தக் கோச்சுக்கும் ஒரு மின்னஞ்சல்கூடப் போகவில்லை என்றால் வீட்டில் பதற்றம் வரும். நெடுந்தூர ஓட்டத்துக்கு அவ்வளவு பதற வேண்டாம். கூடைப்பந்து மாதிரி யாராவது வந்து ஆட்டத்தைப் பார்த்து மதிப்பிட வேண்டியதில்லை. 3200 மீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினீர்கள் என்பது அத்லெட்டிக்.நெட், மைல்ஸ்பிளிட் தளங்களில் இருக்கும். கோச் உடனே பார்த்துவிடலாம். கடைசி வருடத்தில் நேரம் மளமளவென்று குறையும் பிள்ளைகள் உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

1. எந்த டிவிஷனில் தேடுவது?

பெரும்பாலான கல்லூரி அணிகள், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று டிவிஷன்களில் இருக்கின்றன. டிவிஷன் 1 இப்போது தாமதமாக வருகிறவர்களுக்குக் கடினம். 2025-26 முதல் உதவித்தொகை வரம்புக்குப் பதிலாக ஆள் எண்ணிக்கை வரம்பு வந்திருக்கிறது. புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மண் பாதைகளில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) அணிக்கு 17 பேர்தான். முன்பு உதவித்தொகை இல்லாமல் 'வாக்-ஆன்' ஆகச் சேர்ந்தவர்களின் இடம்தான் இதில் முதலில் சுருங்குகிறது.

டிவிஷன் 2-இல் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸைக் கட்டாயம் பாருங்கள். பொறியியலுக்கும் அறிவியலுக்கும் பேர்போன கல்லூரி. 2015-இல் ஆண்கள் கிராஸ் கன்ட்ரியில் தேசியப் பட்டம் வென்றது. மிச்சிகன் டெக், மிசூரி எஸ் அண்ட் டி இரண்டும் இதே டிவிஷன். ஓட்டத்துக்கான உதவித்தொகை தர இங்கே விதி இடம் கொடுக்கிறது.

பொறியியல் பிள்ளைகளுக்கு என் முதல் பரிந்துரை டிவிஷன் 3. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி., கால்டெக், கார்னகி மெலன், ஆர்.பி.ஐ., டபிள்யூ.பி.ஐ., ரோஸ்-ஹல்மன் எல்லாம் இங்கேதான். ஹார்வி மட் மாணவர்கள் பக்கத்துக் கல்லூரிகளோடு சேர்ந்து சி.எம்.எஸ். அணியில் ஓடுகிறார்கள். டிவிஷன் 3 என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் இதன் ஆண்கள் கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்றது எம்.ஐ.டி. விளையாட்டு உதவித்தொகை கிடையாது, மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான் உதவி. அதனால் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் செலவைப் போட்டுப் பாருங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி கிடைக்காது. கல்லூரி தன் பணத்தில் தருமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

2. நேரத்தை ஒப்பிடுங்கள்

டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். தளத்தில் பெரும்பாலான கல்லூரி அணிகளின் முடிவுகள் இருக்கும். அணியின் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். முதலாண்டு மாணவர்களின் பெயரைப் பார்த்து, அவர்கள் பள்ளியில் 1600, 3200 மீட்டரை எத்தனையில் ஓடினார்கள் என்று தேடுங்கள். உங்கள் நேரம் அதற்கு அருகில் இருந்தால் எழுதலாம்.

3. மின்னஞ்சலை மாணவரே எழுத வேண்டும்

அப்பாவோ அம்மாவோ எழுத வேண்டாம். கோச் தெரிந்துகொள்ள நினைப்பது ஓடப்போகிறவரைத்தான். தலைப்பிலேயே பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, சிறந்த 3200 நேரம், எந்தப் பொறியியல் என்று போடுங்கள். உள்ளே 1600, 5 கிலோமீட்டர் நேரங்கள், வாரத்துக்கு எத்தனை மைல் ஓடுகிறீர்கள், ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி), கணக்கு-இயற்பியல் பாடங்கள், முடிவுகளின் இணைப்பு. வார மைல் குறைவாக இருந்தால் மறைக்காதீர்கள். குறைந்த பயிற்சியிலேயே இந்த நேரம் என்றால் முன்னேற இடம் இருக்கிறது என்றே கோச் எடுத்துக்கொள்வார். பதில் வராவிட்டால் அடுத்த நல்ல ஓட்டம் முடிந்ததும் புதிய நேரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

4. கோச் பேசும்போது கேட்க வேண்டியவை

பலர் ஷூ, பயணம், விடுதி என்று கேட்டுவிட்டு முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். பொறியியல் ஆய்வக வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலில் வரும். அணிப் பயிற்சியும் அப்போதுதான். "லேப் இருக்கும் நாளில் என்ன செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். காலையில் தனியாக ஓட விடுவார்களா, கூட ஓட ஆள் இருக்குமா? அணியில் இப்போது எத்தனை பேர் பொறியியல் படிக்கிறார்கள்? மூன்றாம், நான்காம் ஆண்டிலும் அவர்கள் அணியில் நீடிக்கிறார்களா? கோ-ஆப் வேலைக்கு (படிப்பின் நடுவே ஒரு நிறுவனத்தில் செய்யும் வேலை) போகும் செமஸ்டரில் போட்டிப் பருவம் என்ன ஆகும்? அப்புறம், கோச் சொன்னதை அணியில் உள்ள ஒரு பொறியியல் மாணவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள். கோச் மழுப்பினால் அந்தக் கல்லூரியை நான் பட்டியலில் கீழே இறக்கிவிடுவேன்.

5. தேதிகள்

அக்டோபரில் தொடங்கினால், டிவிஷன் 3 கோச்சிடம் 'ப்ரீ-ரீட்' கேளுங்கள். மதிப்பெண் பட்டியலை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி, வாய்ப்பு எப்படி என்று முன்கூட்டியே அறிந்து சொல்வார்கள். நவம்பர் எர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பச் சுற்று) தவறினால், பல தனியார் கல்லூரிகளில் ஜனவரி வாக்கில் இரண்டாம் சுற்று உண்டு. அதிலும் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். செலவு ஒத்துவராமல் விண்ணப்பிக்காதீர்கள். எம்.ஐ.டி.யில் இந்தக் கட்டாயச் சுற்றே இல்லை, கோச்சின் ஆதரவு மட்டும் இடம் வாங்கித் தராது.

பிப்ரவரிக்கு மேல் என்றால், ஏற்கெனவே விண்ணப்பித்த கல்லூரிகளின் கோச்சுகளுக்கு எழுதுங்கள். இடம் கிடைத்தபின் வாக்-ஆன் ஆக வரலாமா, எந்த நேரம் ஓடியிருக்க வேண்டும் என்று நேரடியாகவே கேட்கலாம். மே மாதத்தில் இன்னும் இடம் உள்ள கல்லூரிகளின் பட்டியலை நாகாக் என்ற அமைப்பு வெளியிடும். அதில் பொறியியலும் ஓட்ட அணியும் உள்ளவற்றைச் சலித்தெடுங்கள்.

6. அணியில் இடம் இல்லையென்றால்

பர்டூ, ஜார்ஜியா டெக் மாதிரிப் பெரிய பொறியியல் பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் ஓட்டக் கிளப்புகள் இருக்கின்றன. நிர்க்கா என்ற அமைப்பு இவற்றுக்குத் தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியே நடத்துகிறது. லேப் நாளில் பயிற்சிக்கு வராவிட்டாலும் பொதுவாக யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொரு வழி, ஓட்ட அணி உள்ள கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் கணக்கும் இயற்பியலும் முடித்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. எந்தப் பாடங்கள் பொறியியலுக்குக் கணக்கில் வரும் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.