மாட்டின் மூச்சுக்குழாயில் இருக்கும் மருந்தை நாமே கெடுக்கும் தவறுகள்

மாடு இரைக்க ஆரம்பித்ததும் எந்த ஊசி போடலாம் என்றுதான் கேட்கிறோம். இரைப்பை உண்டாக்கும் நிமோனியா, அதாவது நுரையீரல் அழற்சி, நேற்றுவரை ஏன் அண்டவில்லை என்றும் கேட்க வேண்டும். நிமோனியா உண்டாக்கும் மான்ஹெய்மியா, பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் நல்ல திடமான மாடுகளின் மூக்கிலும் தொண்டையிலும்கூடக் குடியிருப்பவை. அவை நுரையீரலுக்கு இறங்காமல் பார்த்துக்கொள்வது மாட்டின் உடம்புதான்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேலே தள்ளுகின்றன. மாடு அதை விழுங்கிவிடும். அந்தச் சளியிலேயே கிருமிக்கொல்லிகளும் உண்டு. 1991-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆய்வாளர்கள் மாட்டின் மூச்சுக்குழாயிலிருந்து 38 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கொல்லக்கூடியது. கிருமி வந்ததை உணர்ந்தால் சுவரின் செல்கள் இதைக் கூடுதலாகச் சுரக்கும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நம் பழக்கங்கள் முடக்கிவிடுகின்றன என்பதுதான் வருத்தம்.

முதல் தவறு, சந்தையில் வாங்கிய மாட்டை நடத்தும் விதம். மணிக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் வண்டியில் நிற்கிறது. இறங்கிய அன்றே குடற்புழு மருந்து, தடுப்பூசி, புதுத் தீவனம், புது மந்தை. மிரண்ட மாட்டின் உடம்பில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். இந்த வகை ஹார்மோன் அந்தப் புரதம் கூடுதலாகச் சுரப்பதைத் தடுக்கிறது என்று மாட்டின் மூச்சுக்குழாய்ச் செல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூக்கில் சும்மா இருந்த கிருமி அப்போதுதான் பெருகிக் கீழே இறங்குகிறது. வந்த மாட்டுக்குத் தண்ணீர், பழகிய தீவனம், சில நாள் ஓய்வு கொடுங்கள். இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். பாஸ்டுரெல்லா வகைக் கிருமியால் வரும் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியை மழைக்காலம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் கார்டிசால் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது. போட்டதும் காய்ச்சல் இறங்கி மாடு தீவனம் தின்னும், நமக்கும் நிம்மதி. உள்ளே எதிர்ப்பு படுத்துவிடும். சினை முற்றிய மாட்டில் கருச்சிதைவும் ஆகலாம். கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் இந்த ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

கன்று விஷயத்தில் மனதுக்குக் கஷ்டமான தவறு ஒன்று இன்னும் நடக்கிறது: நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் சீம்பால் கொடுக்கலாம் என்று காத்திருப்பது. பசுவின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. அநேகமாக வெறுங்கையோடுதான் கன்று பிறக்கிறது. சீம்பாலில் இருப்பதைக் குடல் அப்படியே உறிஞ்சுவதும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும்; ஒரு நாளில் அந்த வழி ஏறக்குறைய அடைத்துவிடும். நஞ்சுக்கொடி விழுவதற்கோ பல மணி நேரம் ஆகலாம். ஆகவே பிறந்த ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் குறைந்தது 3 லிட்டர், அதில் பெரும்பகுதி முதல் 6 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும்.

குளிர் என்று கொட்டகையைத் தார்ப்பாயால் முழுக்க மூடுவதும், மூடிய இடத்தில் கொசுவுக்கு மூட்டம் போடுவதும் வேண்டாம். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் புகையும் அந்த நுண்மயிர்களைப் பாதிக்கும். கன்றின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்று போதவில்லை. மேல்பக்கம் திறந்திருக்கட்டும், தரை காய்ந்திருக்கட்டும்.

நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி, மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றுவது இன்னொன்று. நாக்கைப் பிடித்தால் மாட்டால் சரியாக விழுங்க முடியாது. புரையேறி நுரையீரலுக்குள் போன கஷாயத்தை, எண்ணெயை எந்தப் புரதமும் விரட்டாது. மாடு இறந்தே போகலாம். ஏற்கெனவே இரைக்கிற மாட்டுக்கு வாயில் எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றவே கூடாது.

துளசியும் மஞ்சளும் கிருமியைக் கொல்லுமே என்று கேட்பார்கள். ஆய்வகத் தட்டில் கொல்வது வேறு. அதே அளவில் அது நுரையீரலைப் போய்ச் சேர வேண்டும், அதற்கு உத்தரவாதம் இல்லை. இயற்கை வைத்தியம் பார்க்கிறேன் என்று இரண்டு நாள் கடத்தினால் நுரையீரலின் ஒரு பகுதி கெட்டுப்போகும்; அது பழையபடி ஆகாது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நிழலில் நிற்கும் மாட்டுக்கு 39.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு, வேகமான மூச்சு, தொங்கிய காது, தீவனத்தில் நாட்டமின்மை சேர்ந்து தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் ஆண்டிபயாடிக் எழுதினால் சொன்ன நாள்வரை போடுங்கள், தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். மருந்து போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்பனைக்கு ஊற்றக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.